எடை கேட்கும் உரிமை யார் கொடுத்தது?

2025 நவம்பரில் சென்னையில் நடந்த ஒரு திரைப்படச் செய்தியாளர் சந்திப்பைப் பலரும் இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள். ‘அதர்ஸ்’ படத்தில் நாயகன் நாயகியைத் தூக்கும் காட்சியைச் சாக்காக வைத்து, அவருடைய எடை எவ்வளவு என்று நாயகனிடம் ஒரு யூடியூப் செய்தியாளர் கேட்டிருந்தார். அடுத்த சந்திப்பில் அந்தப் படத்தின் நாயகியான கௌரி கிஷன், அது உருவக் கேலி என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். கேட்டவர் உடனே வருந்தவில்லை. தம் கேள்வியில் என்ன தவறு என்று வாதிட்டார். நாயகனும் இயக்குநரும் அதே மேடையில் அமைதியாக அமர்ந்திருந்தார்கள். பிறகு பத்திரிகையாளர் அமைப்பும் நடிகர் சங்கமும் கண்டித்தன, வருத்தம் தெரிவிக்கப்பட்டது, நாயகனும் தம் மௌனத்துக்கு விளக்கம் தந்தார், விவகாரம் முடிந்தது.

எனக்கு அது முடிந்ததாகத் தோன்றவில்லை. கௌரி கிஷனின் துணிவை மதிக்கிறேன். ஆனால் அவருக்கு ஆதரவு அத்தனை விரைவாகத் திரண்டதற்கு, அவர் பருமனானவர் அல்லர் என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். “இவரையா எடை கேட்டார்கள்?” என்ற வியப்பு, ஆதரவாக எழுதியவர்களிடமும் இருந்தது. உண்மையிலேயே பருமனான ஒருவரிடம் கேட்டிருந்தால் அந்தக் கேள்வி பொருந்தியிருக்கும் என்ற ஒப்புதல் அந்த வியப்புக்குள் இருக்கிறது. நாயகியின் தோழியாக நடித்த 90 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணிடம் இதையே கேட்டிருந்தால், அரங்கம் சிரித்திருக்கும். அவரும் சேர்ந்து சிரித்தாக வேண்டியிருந்திருக்கும். கண்டன அறிக்கை எதுவும் வந்திருக்காது.

அப்படிச் சிரிப்பதற்குத் தமிழ்த் திரை நம்மை நன்றாகவே பழக்கி வைத்திருக்கிறது. குண்டு கல்யாணம் என்பது ஒரு நடிகரின் அறியப்பட்ட பெயர். ஓமக்குச்சி நரசிம்மன் என்பது அதற்கு நேர் எதிர்முனையில் இருந்தவரின் பெயர். உடலையே பெயரின் முன்னொட்டாகச் சுமந்துகொண்டு ஒருவர் ஆண்டுக்கணக்கில் நடிக்கலாம், அதில் யாருக்கும் நெருடல் இராது. பிந்து கோஷ் நடனத்தில் தேர்ந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்கு வாய்த்த வேடங்களில் பெரும்பாலானவற்றில் அவருடைய உடலே நகைச்சுவையாக இருந்தது. நாற்காலி உடைவதும், எடை பார்க்கும் இயந்திரம் நொறுங்குவதும், மாப்பிள்ளை பார்க்க வந்தவன் பயந்து ஓடுவதும் நாம் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த காட்சிகள். அந்தக் குழந்தைகள் மறுநாள் வகுப்பறைக்குப் போய், பின் வரிசையில் இருக்கும் பருமனான பிள்ளைக்குப் பீப்பா, பூசணிக்காய், அரிசி மூட்டை என்று பெயர் சூட்டுவதில் வியப்பொன்றும் இல்லை. பள்ளிக் காலம் முதல் பருமனாகவே இருந்து வருபவள் என்ற முறையில், அந்தப் பெயர்களில் முக்கால்வாசிக்கு நானும் பதில் சொல்லியிருக்கிறேன்.

வெளியாரின் கேலியைக் காட்டிலும் வீட்டாரின் விசாரிப்புதான் நாள்தோறும் நேர்வது. திருமண மண்டபத்தில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கும் அத்தை, படிப்பையோ வேலையையோ கேட்பதற்கு முன், “என்னடி இப்படி ஊதிட்டே?” என்பார். கேட்டுவிட்டு, பந்தியில் அருகே அமர்த்தி, இன்னொரு ஜாங்கிரியையும் தம் கையாலேயே வைப்பார். குழந்தை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊற வேண்டும் என்று பூண்டுக் குழம்பும் நெய்யும் ஊட்டி, எழுந்து நடக்கக்கூட விடாமல் படுக்க வைக்கும் அதே வீடு, ஆறாவது மாதத்தில் “உடம்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளக் கூடாதா” என்று கேட்கிறது. பெண் பார்க்கும் சந்தையில் பூசினாற்போல இருப்பது வரையில் அழகு; அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் பேரம் உண்டு. வரதட்சணை தவறு என்று மேடையில் பேசும் குடும்பங்களில்கூட, பெண் பருமன் என்றால் நகை சில பவுன் கூடுதலாக எதிர்பார்க்கப்படுவதைக் கண்டிருக்கிறேன். ஆணுக்குத் தொப்பை இருந்தால் வசதியான வீட்டுப் பிள்ளை என்று விட்டுவிடுவார்கள். ஆனால் மிகவும் பருமனான ஆணுக்கும் இந்தச் சந்தையில் இரக்கம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்கான கட்டணத்தைக் கேட்கும் ஓட்டுநர், ஆண் பெண் பார்த்துக் கேட்பதில்லை.

இவற்றையெல்லாம் சுட்டிக்காட்டினால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: “உன் நல்லதுக்குத்தானே சொல்கிறேன்.” இந்தப் பதிவை எழுதத் தூண்டியது கேலியைவிட இந்த வாக்கியம்தான். கேலி செய்பவரிடம் சண்டை போடலாம். அக்கறையோடு வருபவரிடம் நன்றி அல்லவா சொல்ல வேண்டியிருக்கிறது!

சரி, அக்கறை என்றே வைத்துக்கொள்வோம். அது வேலை செய்திருக்கிறதா? தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2015–16இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 30.9 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2019–21இல் அது 40.4 விழுக்காடு. ஆண்களில் 28.2 விழுக்காடு 37 ஆனது. இந்திய அளவில் பெண்களிடம் இது 24 விழுக்காடுதான். பருமனைப் பற்றிப் பேசாத நாள் இல்லாத ஒரு மாநிலத்தில், ஏளனத்துக்கும் அறிவுரைக்கும் சற்றும் பஞ்சமில்லாத காலத்தில், எண்ணிக்கை இப்படி ஏறியிருக்கிறது. ஐந்தே ஆண்டுகளில் பத்தில் ஒரு பெண் புதிதாகச் சோம்பேறியாகிவிட்டாள் என்று யாராவது நம்பினால், அவர்களோடு வாதிட என்னிடம் எதுவும் இல்லை.

மாறியது மனவுறுதி அல்ல, தட்டும் வேலையும்தான். இந்தியர்கள் உண்ணும் கலோரிகளில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் என்ற தேசிய நீரிழிவு ஆய்வு சொல்கிறது. இந்த ஆய்வை நடத்தியவர்கள் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள். நியாய விலைக் கடையில் அரிசியும் சர்க்கரையும் பாமாயிலும் கிடைக்கின்றன. துவரம் பருப்பைத் தவிர புரதம் என்று சொல்லத்தக்கது அங்கே வேறில்லை. பசியை ஒழித்த திட்டம் அது, அதைக் குறை சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் வயலிலும் கிணற்றடியிலும் உழைத்த உடலுக்கு ஏற்ற சோற்றின் அளவு, தையல் இயந்திரத்தின் முன்னும் கணினியின் முன்னும் பத்து மணி நேரம் உட்காரும் உடலுக்கும் அப்படியே தொடர்கிறது. இதோடு தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரைகள், இன்சுலின், சில மனநல மருந்துகள் என எடையைக் கூட்டும் காரணங்கள் வேறு. எதிரில் நிற்பவர் எதனால் பருமனானார் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

மரபணுவின் பங்கையும் நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. அவர்களின் உடல் எடை, பெற்ற தாய் தந்தையரின் எடையோடு ஒத்துப்போனது. சோறூட்டி வளர்த்தவர்களின் எடையோடு ஒத்துப்போகவில்லை. இன்னொன்று, அமெரிக்காவில் எடை குறைப்பையே போட்டியாக நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துக் கெவின் ஹால் குழுவினர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. அதோடு, அவர்களின் உடல் ஓய்வு நிலையில் செலவிடும் ஆற்றல், அந்த அளவுள்ள உடலுக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைந்திருந்தது. உடல் தன் பழைய எடையை மீட்கப் போராடுகிறது என்று பொருள். “வாயைக் கட்டினால் போதும்” என்பவர்கள் இந்த 500 கலோரியைத் தினமும் சமாளித்துப் பார்க்கட்டும்.

பார்த்த மாத்திரத்தில் ஒருவருடைய ஆரோக்கியத்தைக் கண்டுபிடித்துவிடும் ஆற்றல் நமக்கு இருப்பதாக ஒரு நம்பிக்கை. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ அளவு இருவருக்கும் 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் இந்தியரின் வயிற்றுக்குள் எவ்வளவு கொழுப்பு பதுங்கியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். நம் ஊரில் ஒல்லியான மாமா ஒருவர் சர்க்கரை அளவைப் பார்க்காமலே காலம் தள்ளிக்கொண்டு, பருமனான மருமகளிடம் தினமும் நடைப்பயிற்சியின் மேன்மையைப் பேசிக்கொண்டிருப்பார். அக்கறைதான் காரணம் என்றால் அது அவர் பக்கமும் திரும்ப வேண்டாமா?

இந்த அக்கறை மருத்துவமனை வாசலையும் தாண்டி உள்ளே வருவதுதான் ஆபத்து. தோள்பட்டை வலிக்காக நான் ஒரு மருத்துவரிடம் போனபோது, தோளைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே எடையைக் குறைக்கச் சொன்னார். எனக்கு நேர்ந்தது சிறிய விஷயம். என்ன நோய் என்று போனாலும் எடையே பதிலாக வரும் என்று தெரிந்த ஒருவர், அடுத்த முறை வலி வந்தால் போகாமலேயே இருந்துவிடுவார். மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும், மாதவிடாய் தாறுமாறானாலும் தள்ளிப்போடுவார். பிறகு நோய் முற்றியது தெரியவரும்போது, அதற்கும் பருமனே காரணம் என்று எழுதப்படும்.

கருவிகளும் நமக்காகச் செய்யப்படவில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை, கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகவே காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுவோருக்கு வழக்கமான பட்டையைச் சுற்றினால் மேல் அளவு சுமார் 20 புள்ளிகள் கூடிக் காட்டுகிறது என்று 2023இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று கண்டது. அதாவது 125 இருப்பவருக்கு 145 என்று எழுதி, வாழ்நாள் மாத்திரையைத் தொடங்கிவிடலாம். நான் போன சிறு மருத்துவமனைகள் எதிலும் இரண்டாவது பட்டை ஒன்றைக் கண்டதில்லை. பட்டை பாதியில் பிரிந்துகொள்ளும்போது செவிலியர் முகத்தில் தோன்றும் சலிப்பைத்தான் கண்டிருக்கிறேன்.

அவமானம் எடையைக் குறைக்காது, கூட்டும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2006 முதல் 2010 வரை பின்தொடர்ந்து, ஏஞ்சலினா சூட்டின், அன்டோனியோ டெரச்சியானோ இருவரும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எடைக்காகப் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள், மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக உடற்பருமன் நிலைக்குச் சென்றிருந்தார்கள். எனக்கு இது புதிய செய்தியாக இல்லை. பூங்காவில் ஓடத் தொடங்கினால் பின்னாலிருந்து சிரிப்பு. உடற்பயிற்சிக் கூடத்தில் நுழைந்தால் கைப்பேசிகள் உயர்கின்றன. கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உண்பதுதான் யாரும் பார்க்காத ஒரே இடம் என்றாகிறது. எடையைக் குறை என்று சொல்லும் அதே சமூகம்தான், எடையைக் குறைக்கும் இடங்களில் எங்களை நிற்க விடுவதில்லை.

பருமன் நல்லது என்று நான் வாதிடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீரிழிவு, மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சு நிற்பது, கல்லீரலில் கொழுப்பு எல்லாம் உண்மை. அவற்றுக்குச் சிகிச்சை வேண்டும். எல்லா உடலும் ஆரோக்கியமே என்ற வெளிநாட்டு முழக்கத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. புகையிலையால் புற்றுநோய் வந்தவரின் படுக்கையருகே நின்று யாரும் நகைச்சுவை சொல்வதில்லை. நோய் என்றால் நோயாளிக்குரிய மரியாதையைக் கொடுங்கள்; நோய் இல்லை என்றால் பேச்சை விடுங்கள்.

இது உடல்நலம் பற்றிய கவலையே இல்லை என்பதற்குப் எடையைக் குறைக்கும் புதிய ஊசிகள் வந்த பிறகு நல்ல சான்று கிடைத்திருக்கிறது. மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. விலை ஒருபுறம், பக்கவிளைவுகள் ஒருபுறம். மருத்துவர் மேற்பார்வையில் பயன்படுத்துவோருக்குக் கணிசமாக எடை குறைகிறது, சர்க்கரையும் கட்டுப்படுகிறது. நம் நலனே நோக்கம் என்றவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, “ஊசி போட்டு இளைத்தவள்” என்று ஒரு புதிய இளக்காரம் பிறந்திருக்கிறது. பட்டினி கிடந்து, வியர்வை சிந்தி, அழுது இளைத்தால்தான் மன்னிப்பாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவரை “மாத்திரையால் குறைத்தவர்” என்று யாரும் சொல்வதில்லை. பருமனை நாம் நோயாகப் பார்த்ததே இல்லை, குற்றமாகவே பார்த்தோம். அதனால்தான் தண்டனை இல்லாமல் விடுதலை ஆனவர் மீது கோபம் வருகிறது.

சட்டம் இதில் பெரிதாகக் கைகொடுக்காது. அரசமைப்பின் 15ஆவது பிரிவு சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைச் சொல்கிறது; எடை அதில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளிலும் உடற்பருமன் இல்லை. ஏர் இந்தியா 2009இல் எடை வரம்பைத் தாண்டிய விமானப் பணிப்பெண்கள் சிலரைப் பணிநீக்கம் செய்தபோது, பலருக்கு அது இயல்பான நிர்வாக முடிவாகவே தெரிந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1976லேயே உயரத்தையும் எடையையும் காட்டிப் பாகுபடுத்துவதைச் சட்டத்தால் தடுத்தது. நியூயார்க் நகரம் 2023இல்தான் அதைச் செய்தது. நமக்கு அப்படியொரு சட்டம் வரும் என்று நான் காத்திருக்கவில்லை.

இப்போதைக்கு என் கோரிக்கை மிகச் சிறியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துச் செல்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகக் கூசும் பல பெண்களுக்கு அவர்கள்தான் கிடைக்கிற ஒரே மருத்துவத் தொடர்பு. பருத்த கைக்கும் பொருந்தும் பட்டை ஒன்று அவர்கள் கொண்டுவரும் பையில் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்களுக்குத் தரப்படும் பயிற்சியில், எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் எதிரில் இருப்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற ஒரு வரியும் சேர வேண்டும். சுகாதாரத் துறையில் பணிபுரியும் நண்பர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று தெரியும். இதை உரியவர்களிடம் கொண்டுசெல்லுங்கள்.