நாற்காலி பறிபோன பிறகு வரும் தீர்ப்பு

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர நினைக்கும் நாடு, தன் மண்ணில் சட்டத்தின் ஆட்சி நடக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். 1993இல் கோபன்ஹேகனில் வகுத்த நிபந்தனை அது. சரி, உள்ளே வந்த பிறகு ஒரு நாட்டு அரசே தன் நீதிமன்றங்களை வளைக்க ஆரம்பித்தால்? 2010க்குப் பின் ஹங்கேரியும், 2015க்குப் பின் போலந்தும் இந்தக் கேள்வியை ஒன்றியத்தின் முன்னால் வைத்தன. இதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்குப் பட்டதை நேராகவே சொல்லிவிடுகிறேன்: தலைவர்கள் கூடிப் பேசித் தீர்க்கும் வழி வேலைக்கு ஆகவில்லை. நீதிமன்றம் தாமதிக்காமல் தடை போட்ட இடத்தில்தான் நீதிபதிகளின் பதவி தப்பியது.

ஆன்ட்ராஷ் பாகா என்ற ஹங்கேரி நீதிபதியின் கதையைப் பாருங்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் பதினேழு வருடம் நீதிபதியாக இருந்தவர். 2009இல் ஹங்கேரி உச்ச நீதிமன்றத்தின் தலைவரானார். ஆறு வருடப் பதவிக்காலம். பிரதமர் விக்டர் ஓர்பானின் அரசு கொண்டுவந்த நீதித்துறை மாற்றங்களை அவர் வெளிப்படையாக விமர்சித்தார். உடனே உச்ச நீதிமன்றத்தின் பெயரை மாற்றினார்கள், பழைய தலைவரின் பதவி அதோடு முடிந்தது என்றார்கள். புதிய தலைவராக வர ஹங்கேரிக்குள் ஐந்து வருடம் நீதிபதியாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு விதியையும் சேர்த்தார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த பதினேழு வருடமும் கணக்கில் வராது! 2012 ஜனவரி 1ஆம் தேதி, மூன்றரை வருடம் மிச்சம் இருக்கும்போதே அவர் வெளியேற்றப்பட்டார். ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தின் பேரமர்வு, அதாவது அதன் மிகப் பெரிய நீதிபதிகள் அமர்வு, அவர் பக்கம்தான் நியாயம் என்று தீர்ப்பளித்தது, ஆனால் 2016 ஜூனில். இழப்பீடும் வழக்குச் செலவும் கிடைத்தன. நாற்காலி கிடைக்கவில்லை.

அதே சமயத்தில் ஹங்கேரி, நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62க்கு ஒரேயடியாக இறக்கியது. சுமார் பத்தில் ஒரு பங்கு நீதிபதிகள், அதிலும் அனுபவம் மிக்கவர்கள், வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம், லக்சம்பர்க்கில் இருக்கும் ஒன்றியத்தின் சொந்த நீதிமன்றத்துக்குப் போய் 2012 நவம்பரில் வென்றது. எந்த அடிப்படையில்? வயதைக் காட்டிப் பாகுபாடு செய்தது தவறு என்ற அடிப்படையில். நீதித்துறையின் சுதந்திரம் பறிபோகிறது என்ற மூலப் பிரச்சினையை அந்த வழக்கு தொடவே இல்லை. தீர்ப்பு வருவதற்குள் பல நீதிமன்றங்களின் தலைமைப் பொறுப்புகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

இதற்கென்றே ஒன்றிய ஒப்பந்தத்தில் ஏழாவது பிரிவு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அடிப்படை விழுமியங்களைத் தொடர்ந்து மீறும் நாட்டின் வாக்குரிமையையே நிறுத்தலாம். ஆனால் அதற்கு மற்ற எல்லா நாட்டுத் தலைவர்களும் ஒருமனதாக ‘மீறல் நடந்திருக்கிறது’ என்று முடிவெடுக்க வேண்டும். ஒருவர் தலையசைக்க மறுத்தாலும் போச்சு. 2017 டிசம்பரில் ஆணையம் போலந்தின் மீதும், 2018 செப்டம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஹங்கேரியின் மீதும் இந்தப் பிரிவைத் தொடங்கின. போலந்தைத் தண்டிக்க விடமாட்டேன் என்று ஓர்பான் பகிரங்கமாகவே சொன்னார். போலந்தும் அவருக்கு அதே கைம்மாறு செய்தது. வருடக்கணக்கில் விசாரணைக் கூட்டங்கள் நடந்தன, அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, ஏழாவது பிரிவு அதுதான்.

உண்மையான கதவு எதிர்பாராத ஓர் இடத்தில் திறந்தது. போர்ச்சுகலில் சிக்கன நடவடிக்கையாக நீதிபதிகளின் சம்பளத்தைக் குறைத்தார்கள். நீதிபதிகள் சங்கம் வழக்குப் போட்டது, அது லக்சம்பர்க் வரை வந்தது. 2018 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில் சம்பள விஷயத்தில் அவர்களுக்கு வெற்றி இல்லை. ஆனால் ஒன்றியச் சட்டத்தைக் கையாளும் எந்த நாட்டு நீதிமன்றமும் சுதந்திரமாக இருக்க வேண்டும், இது ஒப்பந்தத்தின் 19ஆவது பிரிவு விதிக்கும் கடமை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதித்துறையில் கைவைக்கும் அரசை அதற்காகவே நேரடியாகக் கூண்டில் ஏற்ற வழி பிறந்தது.

சில மாதங்களிலேயே அதற்கு வேலை வந்தது. போலந்து உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 65 ஆக்கியது புதிய சட்டம். 72 பேரில் 27 பேர் அந்த வலையில் சிக்கினார்கள், தலைமை நீதிபதி மவ்கொஜாட்டா கெர்ஸ்டோர்ஃப் உட்பட. அவருடைய ஆறு வருடப் பதவிக்காலம் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. 2018 ஜூலை 4ஆம் தேதி காலை, ‘உங்கள் பதவி முடிந்தது’ என்று அரசு சொன்ன பிறகும், அவர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். வார்சாவில் நீதிமன்ற வாசலில் மக்கள் கூடி நின்று ஆதரவு முழக்கமிட்டார்கள். அதே வருடம் அக்டோபர் 19இல் லக்சம்பர்க் இடைக்கால உத்தரவு போட்டது: சட்டத்தை நிறுத்து, நீதிபதிகளைத் திரும்ப எடு. நீதிபதிகள் திரும்பினார்கள். அரசு தன் சட்டத்தையே மாற்றிக்கொண்டது. முழுத் தீர்ப்பு 2019 ஜூனில் வந்தபோது காப்பாற்ற வேண்டியது ஏற்கெனவே காப்பாற்றப்பட்டிருந்தது. கெர்ஸ்டோர்ஃப் தன் ஆறு வருடத்தை முழுதாக முடித்து 2020 ஏப்ரலில் விடைபெற்றார்.

பாகாவையும் கெர்ஸ்டோர்ஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் நடந்தது ஒரே அநியாயம். ஒருவருக்கு நாலரை வருடம் கழித்து நீதி வந்தது, இன்னொருவருக்கு சில மாதங்களில் தடை வந்தது. எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

உத்தரவு போட்டால் மட்டும் போதாது என்பதையும் போலந்துதான் காட்டியது. நீதிபதிகளைத் தண்டிக்க ஒரு ஒழுங்கு விசாரணை அமர்வை உருவாக்கினார்கள். அரசுக்குப் பிடிக்காத உத்தரவுகளைப் போட்ட இகோர் துலேயா என்ற நீதிபதி இரண்டு வருடம் இடைநீக்கத்தில் இருந்தார். 2020 ஜனவரியில் பல ஐரோப்பிய நாடுகளின் நீதிபதிகள் அங்கி அணிந்து, போலந்து நீதிபதிகளோடு வார்சா தெருக்களில் நடந்தார்கள். நீதிபதிகள் பேரணி போகிற நிலை வந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. அந்த அமர்வை நிறுத்தச் சொன்ன உத்தரவை போலந்து மதிக்காததால், 2021 அக்டோபரில் நாளுக்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. கட்ட மறுத்தார்கள். ஆணையம் போலந்துக்குச் சேர வேண்டிய நிதியில் பிடித்துக்கொண்டது, மொத்தம் 50 கோடி யூரோவுக்கு மேல். 2022இல் அந்த அமர்வு கலைக்கப்பட்டது.

பணத்துக்கு வலு உண்டு. ஆனால் பணத்தைத் திறப்பதும் மூடுவதும் யார் கையில் என்பதுதான் எனக்குக் கவலை. சட்டத்தின் ஆட்சியை மீறும் நாட்டுக்கு ஒன்றிய நிதியை நிறுத்த வழிசெய்யும் நிபந்தனை ஒழுங்குமுறை 2021இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 2022 டிசம்பரில் ஹங்கேரிக்கு 630 கோடி யூரோ நிறுத்தப்பட்டது. நல்ல முடிவு. 2023 டிசம்பர் 13இல் என்ன நடந்தது? வேறொரு விதியின் கீழ் பூட்டிவைத்திருந்த நிதியில் சுமார் 1,020 கோடி யூரோவை ஹங்கேரிக்கு ஆணையம் திறந்துவிட்டது. நீதித்துறைச் சீர்திருத்தம் போதுமான அளவு நடந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். மறுநாள் தலைவர்கள் மாநாட்டில், உக்ரைனை ஒன்றியத்தில் சேர்க்கும் பேச்சைத் தொடங்குவது பற்றிய முடிவு. ஒருவர் எதிர்த்தாலும் அது நின்றுவிடும். ஓர்பான் எழுந்து வெளியே போனார், மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றது ஆணையம். நான் நம்பவில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஆணையத்தின் மீதே வழக்குப் போட்டது. உக்ரைனுக்குக் கதவு திறக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதற்கான விலையை ஹங்கேரியின் நீதித்துறை கொடுக்கக் கூடாது.

நீதிமன்றங்கள் அந்தந்த நாட்டின் சொந்த விவகாரம், ஒன்றியம் தலையிடக் கூடாது என்று இறையாண்மை பேசுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போலந்து நீதிமன்றம் பிறப்பித்த கைது வாரண்டின் பேரில் அயர்லாந்தில் ஒருவரைப் பிடித்து அனுப்பலாம். 2018இல் ஓர் ஐரிஷ் நீதிபதி, ‘அங்கே இவருக்கு நியாயமான விசாரணை கிடைக்குமா?’ என்று தயங்கி லக்சம்பர்க்கிடம் கேட்டார். ஒரு நாட்டின் நீதிமன்றம் கெட்டால் அடுத்த நாட்டு நீதிபதியும் அந்த அநியாயத்தில் பங்காளியாகிறார். இதில் உள்நாட்டு விவகாரம் என்று தள்ளிவைக்க எதுவும் இல்லை.

நிதியை நிறுத்துவதால் சாதாரண மக்கள் அடிபடுவதும் உண்மை. ஓர்பான் அரசு அறக்கட்டளைகளிடம் ஒப்படைத்த பல்கலைக்கழகங்களின் மாணவர்கள், வேறு நாட்டில் போய்ப் படிக்க ஒன்றியம் தரும் எராஸ்மஸ் உதவித்தொகையை இழந்தார்கள். அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. முறிந்ததைத் திரும்பக் கட்டுவதும் சுலபமில்லை: போலந்தில் 2023 அக்டோபர் தேர்தலில் ஆட்சி மாறியும், நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் நீதித்துறைக் குழு முறைகேடாக மாற்றி அமைக்கப்பட்ட பிறகு அதன் வழியாக நியமனமான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீதிபதிகளை என்ன செய்வது என்று திணறினார்கள். அதனால்தான் முதல் வாரத்திலேயே தடை கேட்க வேண்டும் என்கிறேன். நீதிபதிகளை அகற்றும் சட்டம் எந்த உறுப்பு நாட்டில் வந்தாலும், ஆணையம் கடிதப் போக்குவரத்தில் மாதங்களைக் கரைக்காமல் லக்சம்பர்க்கில் இடைக்கால உத்தரவு கோர வேண்டும்.

2028 முதல் 2034 வரையிலான பட்ஜெட்டுக்கு ஆணையம் 2025 ஜூலையில் வைத்த முன்மொழிவில், நிதியைச் சட்டத்தின் ஆட்சியோடு இன்னும் இறுக்கமாகக் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: பூட்டிய நிதியைத் திறப்பதற்கு முன்னால், எந்தச் சீர்திருத்தம் எங்கே நடந்தது என்ற காரணங்களை ஆணையம் வெளியிட வேண்டும், நாடாளுமன்றம் அதைப் பார்த்துக் கேள்வி கேட்க அவகாசம் தர வேண்டும், அதுவரை ஒரு யூரோகூட வெளியே போகக் கூடாது.