துவக்கில் பூட்ட முன்னம் ஒரு வார்த்தை

அவுஸ்திரேலியாவில் இருக்கிற சொந்தக்காரப் பெடியள் துவக்கில் தேர்மல் ஸ்கோப் (சூட்டைக் காட்டுகிற குறிபார்க்கும் கருவி) பூட்டிப் பன்றி சுடுகிற வீடியோக்களை அனுப்புகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, வன்னியில் வயலும் கச்சானும் செய்கிற எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் கேட்கிறார்கள்: "தேர்மல் நல்லதா, நைட் விஷன் நல்லதா?"

தேர்மல்தான். ஆனால் கையில் பிடித்துப் பார்க்கிறதை வாங்குங்கள், துவக்கில் பூட்டுகிறதை வேண்டாம்.

தேர்மல் பார்ப்பது உடம்புச் சூட்டை. கும்மிருட்டிலும் வரம்போரம் நிற்கிற பன்றி வெள்ளையாகத் தெரியும். புல்லுக்குள் படுத்திருக்கிற கட்டாக்காலிக் கன்றும் அதே வெள்ளைதான். பெட்டியில் 1000 மீற்றர் என்று போட்டிருப்பார்கள். ஏதோ ஒன்று நிற்கிறது என்று மட்டும் தெரிகிற தூரம் அது. 1958 இல் அமெரிக்க இராணுவ ஆய்வாளர் ஜோன் ஜோன்சன் வகுத்த கணக்குப்படி, இன்னதுதான் என்று அடையாளம் காண அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் நுணுக்கம் வேண்டும். அப்போது அந்த 1000 மீற்றர் 150 அளவுக்கு வந்துவிடும். மழைத்தூறலும் ஈரக்காற்றும் சேர்ந்தால் இன்னும் குறையும்.

நைட் விஷன் பார்ப்பது சூட்டை அல்ல, பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை. அதில் மலிவானது டிஜிட்டல் வகை. இருட்டில் அதற்கு அகச்சிவப்பு லைற் வேண்டும். 850 நனோமீற்றர் அலைநீள லைற் தூரம் போகும், ஆனால் லைற்றின் முகம் மங்கலாகச் சிவக்கும். 940 கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. பனிமூட்டத்தில் இரண்டுமே திரும்பி அடித்து முன்னால் வெள்ளைத் திரை போடும். ஆனாலும் கிட்டத்தில் கொம்பா, காதா, சாரம் கட்டின மனுசனா என்று பிரித்துக் காட்டுவது இதுதான்.

ஸ்கோப்பாகப் பூட்டினால் பார்ப்பதற்கே துவக்கைத் தூக்க வேண்டும். என்னவென்று தெரியாத ஒன்றுக்கு நேரே குழல் நீளும். எங்கள் வயல்களில் இரவில் தண்ணி கட்டுகிறவர்கள், மாடு தேடுகிறவர்கள், காவலுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! மானும் மரையும் வந்தாலும் கை வைக்க முடியாது, சட்டம் இருக்கிறது.

கைத் தேர்மலுக்கு இன்னொரு பெரிய பயன், யானை. பரணை விட்டு இறங்க முன்னம் ஒருக்கால் சுற்றிப் பாருங்கள். வெட்டையில் நிற்கிற யானையை நல்ல தூரத்திலேயே கண்டுவிடலாம், இறங்காமல் இருக்கலாம்.

காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் கைத் தேர்மலும் நல்ல ரோச் லைற்றும் போதும். வெள்ளையாகத் தெரிகிற இடத்துக்கு லைற்றை அடித்து, கண்ணால் பாருங்கள். வெளிச்சம் பட்டால் பன்றி ஓடிவிடும் என்கிறார்கள். ஓடட்டுமே, நாங்கள் காவல் இருப்பது பயிருக்குத்தானே.