எறும்பு சைஸில் அச்சடித்துவிட்டு ‘உங்கள் விருப்பம்’ என்றால் எப்படி?

"என் தட்டில் என்ன இருக்கணும்னு அரசு சொல்லக் கூடாது" என்கிறார், இனிப்புப் பானம், பாக்கெட் உணவு மீதான வரியும் விளம்பரக் கட்டுப்பாடும் தனிமனித சுதந்திரத்தில் தலையிடுவது என்று எழுதியிருக்கும் கட்டுரையாளர். சரி, தட்டு அவருடையதுதான், ஆனால் அதில் எவ்வளவு சர்க்கரை என்று முடிவு செய்வது அவரா, கம்பெனியா? பிரிட்டனில் 2018-ல் குளிர்பான வரி வந்தபோது, 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரி கிடையாது என்று வைத்தார்கள், வரி அமலுக்கு வருவதற்கு முன்னாடியே பல கம்பெனிகள் சத்தமில்லாமல் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. குடிக்கிறவரை யாரும் தடுக்கவில்லையே! சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரையோ உப்போ அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை இருக்க வேண்டும், பிள்ளைகளை இழுக்கிற கார்ட்டூன் படமும் அதில் போடக் கூடாது. பின்பக்கம் எறும்பு சைஸில் அச்சடித்திருக்கும் சர்க்கரை, உப்பு அளவைப் படித்துவிட்டா எல்லோரும் வாங்குகிறோம்?

அதற்காக எல்லா வரிக்கும் நான் கை தூக்கவில்லை. டென்மார்க் 2011-ல் கொழுப்புக்கு வரி போட்டது, வெண்ணெய் விலை ஏறியதும் ஜனங்கள் எல்லை தாண்டிப் போய் வாங்க ஆரம்பித்தார்கள், 2013 பிறந்ததும் வரியையே எடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் தெரிந்தே குடித்தால் அது அவர்கள் பாடு. ஐந்து வயதுப் பிள்ளையைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தனிமனித சுதந்திரக் கணக்கில் சேர்ப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.