கோடையின் கடைசி வாரத்தில் போய்ப் பாருங்கள்

நகரத்தை விட்டுவிட்டு ஒரு துண்டு நிலம் வாங்கி, நமக்கான காய்கறியை நாமே விளைவித்து, நாலு கோழி, ஒரு மாடு என்று தற்சார்பாக இருந்துவிடலாம் என்கிற ஆசை என் நட்பு வட்டத்தில் பாதிப் பேருக்கு வந்துவிட்டது. வாரத்துக்கு ஒருவராவது இன்பாக்ஸில் வந்து, "எந்தப் பக்கம் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கூடவே ஒரு போட்டோவும் வரும். பச்சைப் புல்வெளி, பின்னால் மலை, ஓரமாக ஒரு ஓடை. தரகர் அனுப்பியது. நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: இது எந்த மாதம் எடுத்த படம்?

நானும் அப்படி ஒரு படத்தில் விழுந்தவன்தான். மழைக்காலம் முடிகிற சமயத்தில் போய்ப் பார்த்தோம். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். கிணறு நிரம்பி, கையை நீட்டினால் எட்டிவிடும் போல் இருந்தது. மனைவி அங்கேயே ஒரு மரத்தடியைக் காட்டி, "வீடு இங்கே" என்று முடிவு செய்துவிட்டாள். முன்பணம் கொடுக்க வேண்டிய அன்று எனக்குக் கடுமையான காய்ச்சல். தள்ளிப்போட்டோம். வேலை, அது இது என்று மாதங்கள் ஓடிவிட்டன. மறுபடி போனபோது கோடையின் கடைசி வாரம். அந்தக் காய்ச்சலுக்கு இன்றைக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

ஓடை இருந்த இடத்தில் வெறும் உருண்டைக் கற்கள். கிணற்றை எட்டிப் பார்த்தேன். உள்சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக வெள்ளை வளையங்கள். பழைய வாளியில் உப்புத் தண்ணீர் விட்டுப்போகும் கோடு இருக்குமே, அந்த மாதிரி. மேலே காய்ந்த பாசி. கீழே போகப் போகப் பாறை புதிதாக வெட்டிய நிறத்தில் இருந்தது. உள்ளே மூன்று குழாய்கள் தொங்கின. முதல் குழாய் துருப்பிடித்துப் பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்தது அதைவிட இரண்டு ஆள் உயரம் கீழே. மூன்றாவது கறுப்பு பிளாஸ்டிக் குழாய், அடியில் கிடந்த கலங்கல் வரைக்கும். தண்ணீர் இறங்க இறங்கக் குழாயை நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். பழையதைக் கழற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்து நிலத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "மழைக்கு அப்புறம் ஆறு மாசம் இருக்கும் தம்பி. மிச்சத்துக்கு வண்டியில வரும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில்தான் ஒன்று உறைத்தது. நிலத்தில் இருக்கும் குறைகளில் முக்கால்வாசியை உழைத்துச் சரி செய்துவிடலாம். மண்ணில் சத்து இல்லையா, தொழுவுரம், மூடாக்கு, பசுந்தாள் உரம் என்று சில வருடங்கள் பாடுபட்டால் தேறிவிடும். மரம் இல்லாவிட்டால் நடலாம். கூரை ஒழுகினால் மாற்றலாம். ஆனால் மழையைக் கூட்ட முடியாது. ஆஸ்பத்திரியைப் பக்கத்தில் இழுத்து வைக்க முடியாது. அடியில் இருக்கும் பாறையையோ பக்கத்து நிலத்துக்காரரின் குணத்தையோ மாற்ற முடியாது. மாற்ற முடியாததைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாம் செய்வது நேர் தலைகீழ். முதலில் மரம், அப்புறம் விலை, அப்புறம் மண், முன்பணம் கொடுத்த பிறகு தண்ணீர்.

தண்ணீர்க் கணக்கு பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். கூரை 100 சதுர மீட்டர், வருட மழை 600 மில்லிமீட்டர் என்று வையுங்கள்: 60,000 லிட்டர். சிந்தியது, ஆவியானது, கூரையைக் கழுவ விட்ட முதல் மழை எல்லாம் போக 80 சதவீதம் பிடித்தால் 48,000. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 50 லிட்டர் என்று சிக்கனமாக இருந்தாலே வருடத்துக்கு 73,000 லிட்டர் வேண்டும். இதில் தோட்டம் இன்னும் வரவில்லை. நல்ல வெயிலில் காய்கறிப் பாத்தி ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் வரை நீரை இழக்கும். 100 சதுர மீட்டர் பாத்திக்கு அது 500 லிட்டர். நாலு பேரும் சேர்ந்து செலவழிப்பதைப் போல இரண்டரை மடங்கு! அந்தப் பாத்தியோ ஒரு ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்குதான். கறவை மாடு ஒன்று சேர்ந்தால், கடுங்கோடையில் அது தனியாக 100 லிட்டர் குடித்துவிடும்.

ஆக, கூரை மழையை மட்டும் நம்பிப் போகிறேன் என்பவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் இடத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். சராசரி மழையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். 600 மில்லிமீட்டர் வருடம் முழுக்கப் பரவிப் பெய்கிற இடத்தில் சின்னத் தொட்டி போதும். அதே 600 இரண்டே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற இடத்தில் குளமே வெட்ட வேண்டியிருக்கும். கடைசி இருபது முப்பது வருடத்து மாதவாரி மழைக் கணக்கைத் தேடி எடுங்கள். அதில் படுமோசமான இரண்டு வருடங்கள் அடுத்தடுத்து வந்தால் நாம் என்ன செய்வோம் என்று யோசியுங்கள்.

இதில் ஒரு அரசாங்கமே சறுக்கியிருக்கிறது. இப்படித் தற்சார்பாக வாழும் நிலத்தை ஆங்கிலத்தில் ஹோம்ஸ்டெட் என்பார்கள்; அந்தச் சொல்லைப் பிரபலமாக்கிய அமெரிக்கச் சட்டம் 1862 இல் வந்தது. 160 ஏக்கர், ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் உங்களுக்கு. மழை நன்றாக விழும் கிழக்குப் பக்கத்தில் அது ஒரு குடும்பத்துக்குத் தாராளம். மேற்கே போகப் போக மழை குறைந்தது, சட்டத்தில் இருந்த 160 மட்டும் அப்படியே நின்றது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராய்ந்த நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878 இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். வருடத்துக்கு 20 அங்குலத்துக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தில் பாசனம் இல்லாத விவசாயத்தை நம்பக் கூடாது. பாசனம் கிடைத்தால் குடும்பத்துக்கு 80 ஏக்கர் போதும். கிடைக்காமல் மேய்ச்சலை நம்பி வாழ வேண்டுமானால் 2,560 ஏக்கர் வேண்டும். அந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் இருப்பது தண்ணீர் மட்டும்தான். அதே காலத்தில் "உழுதால் மழை பின்னாலேயே வரும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்களும் இருந்தார்கள். மக்களுக்கு யார் பேச்சு இனித்திருக்கும்? 1930களில் வறட்சி வந்தபோது, புல்லைப் பெயர்த்து உழுது போட்ட மண் பெருஞ்சமவெளியில் புழுதிப் புயலாக எழுந்தது. லட்சக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இன்றைக்கும் தரகர்கள் மறைமுகமாகச் சொல்வது அதே வசனம்தான்: "நீங்க வந்து மரம் வெச்சா எல்லாம் சரியாயிடும் சார்."

சரி, தண்ணீர் இருக்கிறது. குடிக்கலாமா? வங்கதேசத்தில் 1970களில் தொடங்கி ஏராளமான குழாய்க் கிணறுகள் போட்டார்கள். குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றத்தான். அந்த நீரில் ஆர்செனிக் என்கிற நஞ்சு இருப்பது 1990களில்தான் வெளியே வந்தது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள்: ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5, நைட்ரேட் 50. நிலம் விற்பவர் ஒரு டம்ளரில் மொண்டு கொடுத்து, "கல்கண்டு மாதிரி இருக்கும்" என்பார். மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

மண்ணைப் பற்றி நீட்டப் போவதில்லை, அது தேற்றக்கூடிய ரகம். ஒரு கண்ணாடி ஜாடியில் பாதி மண், மேலே தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் இறங்கும், வண்டல் சில மணி நேரத்தில், களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கியே நிற்கும். அடுக்குகளைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒருமுறை நீர் ஊற்றி வடியவிட்டு, இரண்டாவது முறை ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் வடிகால் பிரச்சினை இருக்கிறது. செப்டிக் டேங்கும் தகராறு செய்யும்.

அப்புறம் அந்த மலையுச்சி வீட்டுக் கனவு. காட்சி அருமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்டுத்தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. உச்சி வேண்டாம் என்று பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கினால், குளிர்ப் பிரதேசங்களில் இரவில் குளிர்ந்த கனமான காற்று அங்கேதான் வந்து தேங்கும். மேலே தப்பித்த செடி கீழே உறைபனியில் கருகும். நடுச்சரிவில் இருக்கும் சாதாரணமான இடம் யார் கண்ணுக்கும் அழகாகத் தெரியாது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஆஸ்பத்திரி தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள். மழை பெய்யும் ஓர் இரவில் நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்கள். பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். எனவே "பக்கத்திலேயே ஒரு டாக்டர் இருக்கார்" என்பது பதிலே இல்லை. நாற்பது வயதில் இடம் பார்க்கும்போது இது நினைவுக்கு வராது. இடம் பார்ப்பதோ அறுபதிலும் அங்கே இருப்பதற்காக.

சட்டத்தையும் அந்தந்தப் பகுதிக்கே போய்க் கேட்க வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 2016 வரை பெரும்பாலான வீடுகளில் கூரை மழையைப் பீப்பாயில் பிடிப்பதே சட்டப்படி கூடாது. இப்போதும் இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன், அதாவது நானூறு லிட்டர் சொச்சம்தான். மழை உங்கள் கூரையில் விழுந்தாலும் கீழே ஆற்றோரம் முன்பே உரிமை பெற்றவருக்குச் சொந்தம் என்பது அங்கே வாதம். விநோதமாகத் தோன்றும். ஆனால் எந்த ஊரிலும் இப்படி ஏதாவது ஒன்று ஒளிந்திருக்கும். விளைநிலத்தில் வீடு கட்டலாமா, கிணறு தோண்ட அனுமதி வேண்டுமா, இதையெல்லாம் கேட்டாக வேண்டும். எல்லாவற்றையும்விட வழி. உங்கள் நிலத்துக்குப் போகிற பாதை பத்திரத்தில் இருக்கிறதா, பக்கத்துக்காரரின் நல்ல மனதில் மட்டும் இருக்கிறதா?

இப்போது பக்கத்துக்காரருக்கே வருகிறேன். இரண்டாவதாக ஒரு பகுதியைப் பார்த்து வைத்தபோது நாங்கள் உடனே வாங்கவில்லை. அங்கேயே ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்றரை வருடம் இருந்தோம். "வாடகைக்குக் கொடுக்கிற காசு வீண்" என்று சொல்லாத ஆளில்லை. இந்தப் பகுதியில் நாங்கள் முதலில் வாங்க நினைத்த நிலம் அந்த வாடகை வீட்டை ஒட்டித்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் தக்காளிச் செடியின் கொழுந்தெல்லாம் சுருண்டு, இலை நார் நாராக இழுத்துக்கொண்டு நிற்கிறது. நோய் என்று நினைத்து இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மேற்கே இருந்த பெரிய பண்ணையில் 2,4-டி களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள், காற்று இந்தப் பக்கம் வீசியிருக்கிறது. போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். அடுத்த பருவமும் அடித்தார்கள். காற்று எந்தப் பக்கம் வீசும் என்பதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம்.

அதே ஒன்றரை வருடத்தில்தான் வேறு சிலவும் தெரிந்தன. எந்தத் திருப்பத்தில் மழைக்குச் சாலை முங்கும், மின்சாரம் போனால் எத்தனை நாள் ஆகும், செல்போன் சிக்னல் எந்தப் பாறைமேல் ஏறினால் கிடைக்கும், யாரிடம் டிராக்டர் கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது. வெளியாள் என்று ஒதுக்குவார்களோ என்று பயந்தோம். ஒதுக்கவில்லை, கவனித்துக்கொண்டு இருந்தார்கள். மாட்டுக்குப் பிரசவம் பார்க்க நடுராத்திரியில் லாந்தர் பிடிக்கப் போனேன். அதற்குப் பிறகுதான் கிழக்குப் பக்கத்தில் ஒரு நிலம் விலைக்கு வருகிற செய்தி எங்கள் காதுக்கு வந்தது. எந்தத் தரகர் கைக்கும் போகாத நிலம்.

பார்க்க லட்சணமே இல்லை. மரம் கிடையாது, சாலையை ஒட்டி, ஒரு பக்கம் சரிவு. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை வருஷம் தேடினே?" என்றார்கள். கோடையின் கடைசி வாரத்தில் அங்கிருந்த கிணற்றை அளந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இன்றைக்கும் மாதம் ஒருமுறை கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே விட்டு, நீர்மட்டம் எத்தனை மீட்டர் கீழே என்று மோட்டார் அறைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைக்கிறேன். நேற்று ஒன்பது. போன வருடம் இதே நாளில் எட்டரை. புதுக் குழாய் ஏதும் இன்னும் இறக்கவில்லை.