கேக்கின் மேல் எழுதியிருந்த வாசகம்

தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 அன்று ஒரு பள்ளி விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். அங்கே கேக்கின் மேல் சி. வி. ராமனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருந்தது; அது தவறு என்று மேடையிலேயே சொன்னேன். அந்தக் கேக் விவகாரத்தைப் பற்றி இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால், "ஒரு தேதிக்காகப் பிள்ளைகள் முன்னால் பள்ளியையே அவமானப்படுத்திவிட்டார்" என்று என்னை நன்கு அறிந்த நண்பர்களே சொல்லிக்கொண்டிருப்பதால், என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 28 சர் சி. வி. ராமனின் பிறந்தநாள் அல்ல. அவர் பிறந்தது 1888 நவம்பர் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தா பௌபஜார் தெருவிலிருந்த ஆய்வுக்கூடத்தில், ஒரு பொருளுக்குள் செலுத்திய ஒளி சிதறி வரும்போது, சென்ற நிறத்தோடு புதிய நிறமும் சேர்ந்து வருவது, நிறங்களைப் பிரித்துக் காட்டும் நிறமாலைகாட்டியில் ஐயமறத் தெரிந்தது. இதுவே ராமன் விளைவு. 1987 முதல் நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுவது அதைத்தான். கேக்கின் மேல் எழுதியிருந்ததோ, 'ஹேப்பி பர்த்டே ராமன் சார்'.

"தேதி தவறினால் என்ன, ஆளை நினைத்தார்கள் அல்லவா?" என்று கேட்கிறார்கள். தவறியது தேதி அல்ல, எதைக் கொண்டாடுகிறோம் என்பதே தவறிவிட்டது. 2028இல் இந்த நாளுக்கு நூறாண்டு நிறைகிறது. அப்போது 'ராமனின் நூறாவது பிறந்தநாள்' என்று பதாகை வைப்பார்கள். அந்தக் கணக்கின்படி, 1930இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது இரண்டு.

பிறப்பதற்கு ஒருவர் எந்த முயற்சியும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிப்ரவரி நாளுக்குப் பின்னால் ஏழாண்டு உழைப்பு இருக்கிறது. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்று ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தால் (பிரதிபலித்து வரும் ஒளியைத் தடுக்கவல்ல படிகம்) பிரதிபலிப்பை விலக்கிவிட்டுப் பார்த்தார், நீலம் மறையவில்லை. பின்னர் 1923இல் அவருடைய மாணவர் கே. ஆர். ராமநாதன், திரவங்களில் சிதறிய ஒளியில் காரணம் விளங்காத மங்கலான மிச்சம் ஒன்றைக் கண்டார். திரவத்தில் கலந்த மாசாக இருக்கலாம் என்று மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்திப் பார்த்தும் அது போகவில்லை. அந்த மிச்சத்தை விடாமல் துரத்தியதன் முடிவுதான் பிப்ரவரி 28. இதை எந்தக் கேக்கில் எழுதுவது?

"ராமனைச் சிறுமைப்படுத்துகிறீர்கள்" என்றும் ஒருவர் வருந்தியிருக்கிறார். முப்பத்தொரு ஆண்டுகள் அவர் பெயரைச் சொல்லி இயற்பியல் கற்பித்துச் சம்பளம் வாங்கியவன் நான். இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று தெரியவில்லை. பிறந்தநாள் என்றால் ஒருவருக்குத்தான் மாலை. கண்டுபிடிப்பின் நாள் என்றால் உடன் நின்றவர்களுக்கும் இடம் உண்டு. அந்த நாள்களில் இரவும் பகலும் ராமனோடு சோதனை செய்தவர், நேச்சர் இதழில் 1928 மார்ச் 31 அன்று வெளிவந்த கடிதத்தில் அவரோடு கையெழுத்திட்டவர், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். மாறுவேடப் போட்டிக்காக மேடையில் தலைப்பாகை கட்டிய ஒன்பது ராமன்கள் நின்றார்கள். ஒரு கிருஷ்ணன்கூட இல்லை. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்ற இயற்பியலாளர்களும் அதே நேரத்தில் படிகங்களில் இதையே கண்டார்கள் என்று நான் தொடங்கியபோதுதான் ஒலிவாங்கி கைமாறியது.

"குழந்தைகள் மகிழ்ந்தார்களே" என்பது மட்டும் நியாயமான வாதம். மகிழ்ந்தார்கள்தான். கேக்கும் நன்றாகவே இருந்தது; நானும் ஒரு துண்டு தின்றேன்.

என்னை அழைத்தவர்கள் "ஏதாவது செய்து காட்டுங்கள், ஐயா" என்று கேட்டிருந்ததால், கண்ணாடிக் குடுவை, டார்ச் விளக்கு, அரை லிட்டர் பால் ஆகியவற்றோடு போயிருந்தேன். தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு ஒளியைப் பாய்ச்சினால், பக்கவாட்டில் இளநீலமும் எதிரே செம்மஞ்சளும் தெரியும். (இது ராமன் விளைவு அன்று, ராலே சொன்ன சிதறல். அதையும் சொல்லிவிட்டே காட்டுவேன்.) வகுப்பில் இதைக் காட்டிய ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை, "உள்ளே போன நிறமேதான் வெளியே வருமா, சார்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகவே பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போனேன்.

மாறுவேடப் போட்டி நீண்டுவிட்டதாம், நேரம் இல்லையாம். "ஐயா, ஐந்து நிமிடத்தில் வாழ்த்துரை மட்டும்" என்றார்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் தேதியைத் திருத்தினேன். அதுவே இத்தனை பெரிய குற்றமாகிவிட்டது. பால் பாக்கெட்டைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி ஒன்றும் கேட்காமல் காபி போட்டுக் கொடுத்தாள்.