அந்த 300 ரூபாய்

நான் அண்ணன் என்று அழைக்கும் ஓர் உழவரின் வயலைப் பார்க்கச் சிறு குழுக்களை அழைத்துப் போகிறேன். அதற்குக் கட்டணம் 300 ரூபாய். அப்படி வந்த ஒருவர் அதைத் திட்டி வெளியிட்ட ஞாயிற்றுக்கிழமைக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி முடியாது.

"சேற்றில் கால் வைக்க 300 ரூபாயா? விவசாயத்தை வியாபாரம் ஆக்கிவிட்டார்கள்" என்று பேசுகிறாரே, அவர் நின்றது மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல்லின் நாற்றங்காலில். வரப்பிலேயே நடக்கும்படி மூன்று முறை கேட்டுக்கொண்டோம். அவர்களுடைய வேன் கிளம்பிய பிறகு, மிதிபட்ட நாற்றுகளை அண்ணன் குனிந்து ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தார். அது காணொளியில் இல்லை.

உழவருடைய நாளுக்கு விலை உண்டு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் பதினோரு ஆண்டுகளாக இந்த ஒன்றைத்தான் சொல்லி வருகிறேன். நெல்லுக்கு விலை சொல்வது வியாபாரி, இல்லையென்றால் கொள்முதல் நிலையம். உரத்துக்குக் கடைக்காரர், அறுவடைக்கு இயந்திரக்காரர். அண்ணன் தன் வாயால் விலை சொன்ன ஒரே பொருள் அந்த 300 ரூபாய்தான். அதையும் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"நெல் ஜெயராமன் விதையைச் சும்மாதானே கொடுத்தார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டவர் அவர். ஆதிரெங்கம் கிராமத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போனவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அப்படித்தான் 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் மீண்டு வந்தன. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்ததால் வந்தன. அவர் பெயரைச் சொல்லி இன்னோர் உழவரிடம் இலவசம் கேட்காதீர்கள்.

கூட்டம் வந்தால் வயல் பாழாகும் என்பது நியாயமான பேச்சுதான். அதனால்தான் 15 பேருக்கு மேல் அழைப்பதில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. கஜா புயலில் அண்ணனுடைய தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அடுத்த தைப் பொங்கலுக்கு நான் அழைத்து வந்த முதல் குழுவில் ஒன்பது பேர். அண்ணன் வீட்டுப் பெரியம்மா கைக்குத்தல் அரிசியில் கஞ்சி வைத்து, சுட்ட கருவாட்டோடு பரிமாறினார். போகும்போது ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி வாங்கிச் சென்றார்கள். அந்தப் பணத்தில்தான் அண்ணன் வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள். மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளரும், மழைக்குச் சாயும், சி.ஆர். 1009 என்ற நவீன நெல் ரகத்தின் அளவுக்கு விளையாது. ரசாயனம் போடாமல் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் மனிதரைத்தான் பேராசைக்காரர் என்று எழுதுகிறீர்கள். எப்படி மனம் வருகிறது?

என்னைத் தரகன் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதிக்கொள்ளட்டும். சென்னை வேலையை விட்டு வந்த நாளிலிருந்து என் அம்மாவும் அதைவிடக் கடுமையாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் பெரியம்மா அந்தக் காணொளியை யாரோ காட்டிப் பார்த்துவிட்டார். தான் கொடுத்த நீராகாரத்தை "பழைய சோற்றுத் தண்ணீருக்குக் காசா" என்று ஊரே கேட்கச் சொன்னதைக் கேட்டார். இரண்டு நாளாக அவர் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

நேற்று இரவு அண்ணன் அழைத்தார். "இனிமேல் பணம் வேண்டாம் தம்பி, சும்மாவே பார்த்துவிட்டுப் போகட்டும்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வரும் ஞாயிறு 15 பேர் வருகிறார்கள். கட்டணம் 300 ரூபாய். பணத்தைப் பெரியம்மாவின் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.