முதல் விருப்பம் தவறினால் இரண்டாவதும் போய்விடுமா?

"கிண்டி இன்ஜினியரிங் காலேஜை முதல்ல போட்டு கிடைக்கலைன்னா, பி.எஸ்.ஜி.யை முதல்ல போட்டவங்களுக்குத்தான் அங்க இடம்." பொறியியல் கலந்தாய்வு நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு. இதை நம்பி, நல்ல தரவரிசை உள்ள பிள்ளைகளும் விரும்பிய கல்லூரியைக் கீழே தள்ளிவிடுகிறார்கள்.

கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவரையும் எடுத்து, அவர் விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும்; அவருக்குரிய இடஒதுக்கீட்டுப் பிரிவில் காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கும். உங்கள் பதினோராவது விருப்பமானாலும், தரவரிசையில் பின்னால் இருப்பவர் அதையே முதலில் போட்டிருந்தாலும், இடம் உங்களுக்கே முதலில். ஆகவே உண்மையான ஆசைப்படியே வரிசைப்படுத்துங்கள்.

உண்மையில் காலை வாருவது வேறு. நாலைந்து விருப்பங்களோடு நிறுத்துவது ஒன்று. பெயரை மட்டும் பார்த்துச் சேர்ப்பது இன்னொன்று: கிண்டி 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 2006 என்று கல்லூரிக் குறியீட்டைச் சரிபாருங்கள். பாடப்பிரிவுக்குப் பக்கத்தில் 'எஸ்.எஸ்.' இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடும். கிடைத்த இடத்தை ஏற்று, பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பத்துக்கும் காத்திருந்தால், மேலுள்ளது கிடைத்ததும் பழைய இடம் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது.